‘மணப்பெண் பேக்கேஜ் - 1’: இணை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: காவிரி டெல்டா மாவட்டங்களின் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருக்கையில் தாடையிலும் கன்னத்திலும் முடி நீக்க ஓர் அழகு நிலையத்துக்குப் போய், முகம் வெந்து வீடு திரும்பிய பெண்ணின் மனு உங்களில் ஒருவரின் அலுவலகத்துக்கு வந்தது. ‘இது அழகு நிலையம் தொடர்பானது, இவ்வலுவலக வரம்புக்கு உட்பட்டதல்ல’ என்ற ஒரு வரிப் பதிலோடு திரும்பியும் போய்விட்டது. நுகர்வோர் மனு எழுத உதவுகிறவர்கள், மருந்தாளுநர்கள், தோல் பிரிவில் பணியாற்றிய செவிலியர்கள் எனச் சிலர் சேர்ந்து, அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தோலில் லேசரோ, ஒளியோ, அமிலமோ, ஊசியோ எது பட்டாலும், யார் செய்தார், எதைக் கொண்டு செய்தார், எந்த அளவில் செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை அன்றைக்கே வந்தவர் கையில் கொடுக்க வேண்டும் என்று உங்கள் மாவட்டங்களில் உத்தரவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் கையில் இருப்பது ஒரு கையகல ரசீது. ‘மணப்பெண் பேக்கேஜ் - 1’ என்று எழுதி, பக்கத்தில் தொகை. கீழே ‘கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்பது மட்டும் அச்சில், தடித்த எழுத்தில். மருத்துவர் பெயர் கிடையாது, பதிவு எண் கிடையாது. ஜிபேயில் பணம் போய்ச் சேர்ந்தது ஒரு தனியாள் பெயருக்கு. ஒப்புதல் படிவம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது முழுக்க ஆங்கிலம், நகலும் தரவில்லை. சிகிச்சையைப் பற்றிப் போதுமான விவரம் சொல்லி வாங்குவதுதான் செல்லுபடியாகும் ஒப்புதல் என்று 2008-லேயே சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த ரசீதோடு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனால் முதல் கேள்வியே, “என்னம்மா வெச்சாங்க?” என்பதுதான். “லேசர்னு சொன்னாங்க” என்பதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. கன்னத்தில் செவ்வகம் செவ்வகமாகக் கறுத்த பட்டைகள், ஓரம் வெட்டினாற்போல நேராக, இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் கொப்புளம் உடைந்த புண். கைப்பிடியின் முனை தோலில் அப்படியே அச்சாகியிருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து அது ஐ.பி.எல் என்னும் பளிச்சொளிக் கருவியா, டையோடு லேசரா என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்குமே செவ்வக முனை உண்டு.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘வரம்புக்கு உட்பட்டதல்ல’ என்று எழுதிய கைக்காகச் சொல்கிறோம். முடியின் வேரில் இருக்கும், நிறம் தரும் பொருளான மெலனின் ஒளியை வாங்கிச் சூடாகி வேர் கருகுவதுதான் இந்தச் சிகிச்சை. நம் ஊர்த் தோல் பெரும்பாலும், தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் நான்காம், ஐந்தாம் வகை. மேல்தோலிலேயே மெலனின் நிறைய. வேருக்குப் போக வேண்டிய சூட்டை மேல்தோலே வாங்கிக்கொள்கிறது. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரை மெலனின் அதிகம் உறிஞ்சும், 808 டையோடு இடைப்பட்டது, 1064 என்.டி.யாக் ஆழமாக இறங்கும், மேல்தோலில் குறைவாகத் தங்கும், ஆகவே நமக்கு அதுதான் ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. ஐ.பி.எல் லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி அது. குறைந்த அலைநீளங்களை வடிகட்டும் ஃபில்டர் சரியாக இல்லையென்றால் மாநிறத் தோலைச் சுட்டுவிடும்.

கருவி சரியாக இருந்தாலும் பிழை நடக்க இடமுண்டு. வெளுத்த தோலுக்கான அமைப்பில் (செட்டிங்கில்) வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல் என்ற ஒளி ஆற்றலின் அளவைக் குறைக்காமல் விட்டிருக்கலாம். குளிர்விக்கும் முனை வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். ஜெல் போதாமல் இருந்திருக்கலாம். வெயிலில் கறுத்த முகம், முந்தின நாள் ப்ளீச் செய்த முகம் என்று தெரிந்தால் அன்றைக்குக் கருவியையே தொடக் கூடாது. தாடைக்குக் கீழே ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்து, குறைந்தது 48 மணி நேரம் பொறுத்துத்தான் முழு முகத்துக்கு வர வேண்டும். வந்த அன்றே முழு முகமும் முடித்து அனுப்புகிறவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டுகிறார்கள். மரத்துப்போகும் க்ரீமை அடர்த்தியாகத் தடவிவிட்டால், ‘சுடுது’ என்று சொல்லும் எச்சரிக்கையும் போய்விடும். இதில் எது நடந்தது? கருவியின் பெயரும் அமைப்பும் தெரியாமல் யாரும் சொல்ல முடியாது.

தோலை உரிக்க முகத்தில் தடவும் அமிலத்துக்கும் இதே கதிதான். கிளைகாலிக் என்றால் நேரம் பார்த்து, சோடியம் பைகார்பனேட் கரைசலால் நிறுத்த வேண்டும். டி.சி.ஏ. (ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) என்றால் அப்படி நிறுத்த முடியாது. தோல் வெளுப்பதைக் கண்ணால் பார்த்துக் கணிக்க வேண்டும். சாலிசிலிக்கிலும் வெள்ளை படியும், ஆனால் அது வெறும் உப்புப் போன்ற படிவு. ‘ஃப்ரூட் பீல்’ என்று ரசீதில் எழுதினால் இந்த மூன்றில் எது என்று மருத்துவர் ஜோசியமா பார்ப்பார்?

புண்ணோடு திரும்பிப் போனவருக்கு அந்த நிலையத்தில் அட்டைப்பெட்டி இல்லாமல் ஒரு ட்யூப் கொடுத்திருக்கிறார்கள். நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெடினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம். வெந்த தோலில் ட்ரெடினாயின் எரிச்சலைக் கூட்டும். ஸ்டீராய்டை முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, விட்டால் இன்னும் கொதிக்கும். தோலில் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்களை 2018-இல் மருந்து விதிகளின் எச் அட்டவணைக்குள் கொண்டுவந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றாக்கியது இதற்காகத்தான். கறுத்த பட்டைகள் மாதக்கணக்கில் இருக்கும், சில முகங்களில் ஒரு வருடத்தையும் தாண்டும். முகூர்த்த நாள் அதுவரை காத்திருக்காது.

இனி, வரம்பு. காவல் நிலையம் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கொடுத்து, ‘இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க’ என்றது. நகராட்சி, தொழில் உரிமமும் குப்பை வரியும்தான் தன் வேலை என்றது. மருந்து ஆய்வாளர் பாட்டிலைக் கேட்கிறார். பாட்டில் நிலையத்தில் இருக்கிறது. மருத்துவக் கவுன்சில், செய்தவர் தன்னிடம் பதிந்த மருத்துவரே இல்லை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவராக இருந்தால் 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி சிகிச்சைக் குறிப்புகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். படிக்காமலே செய்தால் குறிப்பும் வேண்டாம், நகலும் வேண்டாம். எம்.பி.பி.எஸ். படிக்க எதற்கு இவ்வளவு சிரமப்படுகிறார்களோ!

மேட்டூரில் இன்றைக்கு எத்தனை கன அடி திறந்தார்கள், கல்லணையில் எந்த ஆற்றுக்கு எவ்வளவு பிரித்தார்கள் என்பதெல்லாம் கடைமடை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காலையிலேயே தெரிந்துவிடுகிறது. தன் கன்னத்தில் எத்தனை ஜூல் பாய்ந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு பெண் ஐந்து அலுவலகம் ஏற வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் பேருந்து நிலையத்தைச் சுற்றி ‘முகூர்த்த சலுகை, நிரந்தர முடி நீக்கம், பக்கவிளைவு அறவே இல்லை’ என்று ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். அதற்கு மட்டும் எந்த அலுவலகமும் ‘வரம்பு இல்லை’ என்று பதில் எழுதியதாகத் தெரியவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டோம், மன்னிக்கவும். ஆனால் வரம்பு உங்களுக்கு இருக்கிறது. சிகிச்சை தரும் இடம் எதுவானாலும் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிய வேண்டும். அந்தப் பதிவு உங்கள் அலுவலகத்தில்தான். வாசலில் ‘அழகு நிலையம்’ என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே சிகிச்சை செய்தால், பலகையைப் பார்ப்பதா, உள்ளே போய்ப் பார்ப்பதா? தகுதியில்லாமல் மருத்துவம் செய்வோருக்கு 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் வரை அபராதமோ சொல்கிறது. யாராவது புகாரைத் தொடங்கினால்தான் அந்தப் பிரிவுக்கு வேலை.

இழப்பீட்டை உங்களிடம் கேட்கவில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் ஆணையமும் யார், எதை, எந்த அளவில் என்றுதான் கேட்கும். அதற்கான தாளைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

கூடவே இன்னொன்று. புகார் வந்தால் மூன்று நாளுக்குள் ஓர் ஆய்வாளரை அனுப்புங்கள். கருவியின் மாடல், வரிசை எண், ஷாட் (ஒளித் துடிப்பு) எண்ணிக்கை, கடைசியாக வைத்த அமைப்பு, பாட்டிலின் தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றைப் படம் பிடித்துக் குறித்துக்கொண்டு வந்தால் போதும். தாமதித்தால் அடுத்த வாடிக்கையாளருக்காக அமைப்பு மாறிவிடும், பாட்டிலும் மாறிவிடும்.

இம்மடலோடு அந்தத் தாளின் மாதிரியை இணைத்திருக்கிறோம். அரைப் பக்கம்தான், தமிழில் இருக்கிறது. திருத்தம் இருந்தால் தயவுசெய்து திருத்தி, உத்தரவோடு அனுப்பி வையுங்கள். அந்தப் பெண்ணின் மனுவையும் மறுபடி எடுத்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கருவி இன்னும் அதே அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டங்களில் நுகர்வோர் மனுக்களுக்கு உதவும் தன்னார்வலர்கள்