அவித்த நெல்லும் விதை நெல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் வந்த ‘உயிருள்ளவை, உயிரற்றவை’ பாடக்குறிப்பைப் படித்தேன். நகரும், வளரும், மூச்சு விடும், இனம் பெருக்கும் என்று அடுக்கியிருந்தீர்கள். சரி. ஆனால் இதே அடுக்கை வைத்துத்தான், ‘விதை நெல் உயிருள்ளது’ என்று எழுதிய என் பேத்திக்குப் பள்ளியில் தவறு போட்டார்கள். அது நகரவில்லையாம், வளரவில்லையாம்.

நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருஷம் நெல் அவித்தவன் நான். ஊறப்போட்டு, ஆவி காட்டி, களத்தில் உலர்த்திய நெல்லையும் விதை நெல்லையும் கைக்கொன்றாகக் கொடுத்தால், பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் அதே உமி, அதே அரிசி. இரண்டையும் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, ஈரச் சாக்கில் கட்டி வையுங்கள். மூன்று நான்கு நாளில் விதை நெல் வெள்ளையாக முளை காட்டும். மற்றது புளித்து நாறும். அவித்தது செத்த நெல், விதை நெல் தூங்குகிற நெல். தூக்கத்திலும் அது மிக மெதுவாக மூச்சு விட்டு, தன் சேமிப்பைச் செலவழித்து, கரியமில வாயுவையும் சூட்டையும் வெளியே விடுகிறது. சரியாகக் காயாத நெல்லை அம்பாரம் போட்டு, இரண்டு நாள் கழித்து உள்ளே கை விட்டுப் பாருங்கள், வெந்நீர்ப் பானை மாதிரி இருக்கும். (பூஞ்சணமும் அதற்குக் கூட்டு.) வருஷம் கூடினால் விதை செத்தும் போகும். உயிரே இல்லாத உப்புக்கு ஏது சாவு?

வளர்வதுதான் அடையாளம் என்றால், மரக்காணம் உப்பளத்துப் பாத்தியில் உப்புப் பரலும் பெருக்கத்தான் செய்கிறது. ஆனால் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு பெருக்கிறதே தவிர, உள்ளே வாங்கிச் செரிப்பதில்லை. கோவேறு கழுதை குட்டி போடாது; அதற்காக அதைக் கல்லோடு சேர்ப்போமா? வைரஸ்தான் உண்மையிலேயே வம்பு. 1935இல் அமெரிக்க விஞ்ஞானி வெண்டல் ஸ்டான்லி புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸை உப்பு மாதிரிப் படிகமாக்கினார். அந்தப் படிகம் செடிக்குள் போனதும் பழையபடி பெருகியது. அதை எந்தப் பக்கம் எழுதுவது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

உயிருள்ளவை, உயிரற்றவை என்ற இரண்டு கட்டத்தோடு ‘உயிர் போனவை’ என்று மூன்றாவது ஒன்றும் போடுங்கள். அவித்த நெல்லுக்கும், புதுச்சேரிக்குப் பக்கத்தில் திருவக்கரையில் கிடக்கும் சுமார் 2 கோடி வருஷத்துக் கல்மரங்களுக்கும் (கல்லாகிப் போன மரங்கள்) அங்கேதான் இடம். பிள்ளைகளை இரண்டு நெல்லையும் முளைகட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவித்த நெல் ஒரு பிடி கேட்டால் எந்த ஆலைக் களத்திலும் தருவார்கள்.

இப்படிக்கு,
நெல்லிக்குப்பம் வாசகர்,
கடலூர் மாவட்டம்