கட்டட வேலையை நடத்தவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

30 வருடமாகக் கட்டட சைட்டில் மேற்பார்வை பார்க்கிறேன். சிவில் முடித்து வரும் பிள்ளைகளுக்கு பீம் கணக்கு நன்றாக வருகிறது. எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை என்பதுதான் தெரிவதில்லை.

போன மாதம் ஒரு தளம் போட்ட அன்று, காலை 7 மணிக்கே கலவை லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. கம்பி கட்டியாயிற்று, ஆனால் எலெக்ட்ரீஷியன் பைப் பதிக்கவில்லை. அவரை முந்தின நாளே வரச்சொல்ல வேண்டும் என்று சைட்டைப் பார்த்துக்கொண்ட இளம் பொறியாளர் தம்பிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கலந்த கான்கிரீட் காத்திருக்குமா? இறுகத் தொடங்கியதும் தண்ணீர் ஊற்றி இளக்கினார்கள். பலம் போயிற்று.

புதுத் தளத்தை அடியில் தாங்கும் முட்டுகளைப் பிரிப்பதும் அப்படித்தான். 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அந்த நாட்களைச் சேர்க்காமல் திட்டம் போட்டுவிட்டு, சென்ட்ரிங் (முட்டு, பலகை) வாடகை ஏறுகிறதென்று அவசரமாகப் பிரிக்கிறார்கள். அடியில் நிற்பது சித்தாள்.

பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களைக் கடைசி வருடத்தில் ஒரு பருவம் முழுக்க நல்ல மேஸ்திரியிடம் விட வேண்டும். சைட் டைரி எழுதவும், அடுத்த பத்து நாள் வேலையை இன்றே யோசிக்கவும் அங்கேதான் பழக்கம் வரும்.

– கட்டட மேற்பார்வையாளர், தாம்பரம்