பியேவ்ர் ஆற்றோரம் ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்கூட்டத்திற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பாரிசின் தெற்குப் புறநகரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நமது ஆற்றோர நடைச் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணியை இவ்வறிக்கையில் முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் ஆற்றைப் பற்றியே பேசுகிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தின் தீர்மானப்படி, பியேவ்ர் ஆற்றை அதன் தலைப்பிலிருந்து பாரிஸ் எல்லை வரை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து முடித்தோம். கியாங்கூர் அருகே தோன்றும் இவ்வாற்றின் நீளம் சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆயினும் இத்தனை சிறிய ஓடையிடமிருந்து மனிதர் இத்தனை வேலை வாங்கியிருப்பதை நடந்து பார்த்த பிறகே நாங்கள் முழுமையாக உணர்ந்தோம்.

முதல் நடையில் ஆறு எங்கிருந்து நீரைப் பெறுகிறது என்பதைக் கண்டோம். சக்லே மேட்டுநிலத்தின் மேற்பரப்பில் திரிகைக்கல் கலந்த களிமண்ணும், அதன் கீழே தடித்த மணல் அடுக்கும், அதற்கும் அடியில் நீர் புகாத பச்சைக் களிமண்ணும் உள்ளன. மணலுக்குள் இறங்கும் மழைநீர் அந்தக் களிமண்ணில் தடைபட்டு, பள்ளத்தாக்கின் சரிவுகளில் ஊற்றுகளாகப் பொசிகிறது. மழையற்ற கோடை வாரங்களிலும் ஆறு வற்றிவிடாமல் இருப்பதற்கு இந்தப் பொசிவே காரணம். மேட்டுநிலத்து நீரையோ பதினான்காம் லூயி மன்னர் தமது வெர்சாய் நீரூற்றுகளுக்காக ஏரிகளில் தேக்கி, வாய்க்கால் வழியே கொண்டுபோனார். அந்த நீர் பள்ளத்தாக்கைக் கடப்பதற்காக 1680களில் பியூக் ஊரில் எழுப்பப்பட்ட வளைவுப் பாலம், ஆற்றுக்கு மேலே இன்றும் ஓங்கி நிற்கிறது.

இரண்டாம் நடை நமக்கு நெருக்கமானது. எனவே அதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற அச்சுப் பருத்தித் துணிகளுக்கு 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் இருந்த மோகம் உள்நாட்டுப் பட்டு, கம்பளித் தொழில்களை அச்சுறுத்தவே, 1686இல் அரசு அவற்றை இறக்குமதி செய்யவும் உள்நாட்டில் அச்சிடவும் தடை விதித்தது. தடை 1759இல் நீங்கியதும், மறு ஆண்டே ஓபர்காம்ப் என்னும் இளைஞர் ஜூயி-ஆன்-ஜோசா ஊரில், இவ்வாற்றங்கரையில், துணி அச்சிடும் ஆலையைத் தொடங்கினார். துணியை அலசவும் சாயத்தை நிலைப்படுத்தவும் அவருக்கு ஆற்றுநீர் வேண்டியிருந்தது. வெளுத்த துணியை விரித்துக் காயவைக்கக் கரையோரப் புல்வெளி வேண்டியிருந்தது. இதற்கு முன்பே, 1742இல், நம் கரையில் வாழ்ந்த யேசு சபைத் துறவி கேர்தூ, துணிக்குச் சாயம் ஏற்றும் முறையை நம் தொழிலாளரிடம் கேட்டறிந்து பிரான்சுக்குக் கடிதமாக எழுதியிருந்தார். ஜூயி அருங்காட்சியகத்தில் அந்தத் துணிகளின் முன் நின்றபோது, பெயரின்றிப் போன நம் ஊர்ச் சாயக்காரர்களை உறுப்பினர் பலர் நினைவுகூர்ந்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மூன்றாம் நடை அந்தோனி நகரில் முடிந்தது. வெள்ளநீரைத் தாங்கும் அங்குள்ள பெரிய தேக்கத்தின் ஒரு பகுதி இப்போது பறவைகளுக்கான காப்பிடமாக உள்ளது. 1982 ஜூலையில் பெய்த பெருமழையில் பள்ளத்தாக்கின் ஊர்கள் மூழ்கியதை இங்குள்ள முதியவர்கள் மறக்கவில்லை. அந்தோனிக்குக் கீழே ஆறு கண்ணில் படுவதே அரிது. அண்மையில் மீட்கப்பட்ட சில துண்டுகளைத் தவிர மற்றதெல்லாம் மூடுகால்வாய்தான்.

ஏன் மூடினார்கள் என்பதை நான்காம் நடையில் பேசினோம். ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றுவதற்காக ஆற்றை ஏற்கெனவே இரண்டாகப் பிரித்து, மேட்டில் ஓடிய கிளையை உயிருள்ளது என்றும் பள்ளத்தில் ஓடியதைச் செத்தது என்றும் அழைத்தனர். பாரிசுக்குள் 15ஆம் நூற்றாண்டில் கோப்லென் குடும்பம் சாயப்பட்டறை வைத்த இடத்தில் 1662இல் அரச திரைச்சீலைக் கூடம் உருவாயிற்று. தோல் பதனிடுவோரும் சலவைப் பெண்களும் அதே கரையில் நெருக்கியடித்து வேலை செய்தனர். குளிர்காலத்தில் ஆற்றோரக் குட்டைகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கோடைக்குச் சேமித்ததாலேயே கிளாசியேர் என்னும் பகுதிக்கு அப்பெயர் வந்தது. நாற்றமும் நோயும் பொறுக்க முடியாத அளவை எட்டியபோது, தொழிற்கூடங்களைத் திருத்துவதற்குப் பதிலாக ஆற்றையே மூடினார்கள். பாரிசுக்குள் கடைசித் துண்டு 1912இல் மறைந்தது. ஒரு காலத்தில் ஒஸ்தர்லிட்ஸ் அருகே செய்ன் நதியில் கலந்த ஆற்றின் நீர், இன்று பெரும்பாலும் சாக்கடைக் குழாய்களோடு சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இது பெரும் அநீதி என்பதே என் கருத்து.

மீட்புப் பணி நடக்கிறது என்பது ஆறுதல். பிரேன் நகரில் 2003இலும், லாய்-லெ-ரோஸ் நகரில் 2016இலும், அதன் பின் ஆர்க்கய், ஜான்தியி நகர்களின் எல்லையிலும் ஆறு வெளிச்சத்துக்கு வந்துள்ளது. ஆனால் மண்ணைத் தோண்டித் திறப்பதைவிடக் கடினமான வேலை நம் வீடுகளுக்குள் இருக்கிறது. இப்பகுதிகளில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய்கள் உண்டு. சலவை இயந்திரத்தின் வடிகாலையோ புதிதாகக் கட்டிய குளியலறையையோ தவறுதலாக மழைநீர்க் குழாயில் இணைத்துவிட்டால், அந்தச் சோப்பு நீர் நேரே ஆற்றில் விழுகிறது. நான்காம் நடையன்று, ஒரு வாரமாக மழையே இல்லாத நிலையில், கரையோர மழைநீர்க் குழாய் ஒன்றிலிருந்து சாம்பல் நிற நீர் நுரையோடு வடிந்ததை எல்லோரும் பார்த்தோம். உரிய அலுவலகத்துக்குப் படத்துடன் எழுதினோம். மூன்று நினைவூட்டல்களுக்குப் பிறகே பதில் வந்தது. குழாயைச் சோதிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இத்தகைய பிழை இணைப்புகள் நீங்காத வரை ஆற்றைச் செய்ன் நதியோடு மீண்டும் சேர்க்க முடியாது.

இதையொட்டிச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது. சொந்த வீடு உள்ள உறுப்பினர்கள் இவ்வாண்டுக்குள் தங்கள் வடிகால் இணைப்பைச் சாயநீர் ஊற்றிச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. அச்சோதனையைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கத் தாளைச் சங்கச் செலவில் அச்சிட்டு, நம் குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிகளில் விநியோகிக்க வேண்டும் என்பது மற்றொன்று. புதிய ஆண்டின் முதல் நடை, மார்ச் மாத இறுதி ஞாயிறு காலை பத்து மணிக்கு, பிரேன் நகரில் ஆறு திறக்கப்பட்ட பூங்காவின் வாயிலிலிருந்து புறப்படும். சிறுவர்களுக்கு நீர்புகாக் காலணி கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்