கோழி இறகுக்குத் தனி டிரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இரவானால் எங்கள் ஊர் ஓடைப் பாலத்தை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்ட வேண்டியிருக்கிறது. அன்றைக்கு விற்ற கோழியின் இறகும் குடலும் சாக்கு சாக்காக அங்கே வந்து விழுகின்றன. கடைக்காரரைத் திட்டி என்ன பயன்? குப்பை வண்டியில் வாங்க மாட்டேன் என்கிறார்கள், அவர்தான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்?

கோழியின் எடையில் 5 முதல் 7 சதவீதம் இறகு. 2 கிலோ கோழிக்கு நூறு கிராமாவது தேறும். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் கெரட்டின் என்ற புரதம். கந்தகப் பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் லேசில் மக்காது, கொளுத்தினால் தெருவே நாறும். ஆனால் இதையும் தின்று கரைக்கிற பாக்டீரியா இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஷி குழுவினர், கோழி எச்சத்தை நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கும் தொட்டியிலிருந்து பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்பதைப் பிரித்தெடுத்து 1990-லேயே எழுதிவிட்டார்கள். சுமார் 50 டிகிரி சூட்டில் அது சுரக்கும் கெரட்டினேஸ் நொதி அந்த இறுக்கத்தை உடைக்க, சில நாளில் இறகு கலங்கல் திரவமாகிவிடும். தழைச்சத்து நிறைந்த உரம். கோழித் தீவனமாக்கலாம் என்றும் சொல்வார்கள். ஆனால் கோழிக்கு வேண்டிய லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் அதில் குறைவு, நோய்ப் பயம் வேறு, அதனால் இப்போதைக்கு உரம் போதும். அதையும் ஒருமுறை சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் வயலுக்குத் தர வேண்டும்.

சிக்கல் கடையில்தான். நம்மில் நிறையப் பேர் தோல் உரித்த கறிதான் கேட்கிறோம், கடைக்காரரும் இறகைப் பிடுங்காமல் சட்டையைக் கழற்றுவதுபோலத் தோலோடு உருவி எடுத்து, கொழுப்பு, குடல், ரத்தம் கிடக்கிற அதே டிரம்மில் வீசிவிடுகிறார். அந்தக் கலவையை பாக்டீரியா இருக்கிற தொட்டியில் விட்டால் இறகு கரைவதற்குள் மற்றதெல்லாம் அழுகிவிடும். சுடுதண்ணீரில் முக்கி மெஷினில் இறகு எடுக்கும் கடைகளில் இந்தத் தொல்லை இல்லை, சுத்தமான இறகு தனியாகவே வருகிறது. முதலில் அந்த இறகை மட்டும் தினமும் தனி வண்டியில் வாங்கி, ஊருக்கு வெளியே ஒரு மூடிய தொட்டி வைத்துத் தொடங்கலாமே. யோசனை கேட்கக் கோவையில் வேளாண் பல்கலைக்கழகம், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி, இரண்டும் பக்கத்தில்தான். அப்புறம், கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இறகுக்குத் தனி டிரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதிகாரிகள் கையெழுத்துப் போடட்டும்.

– ஒரு வாசகர், திருப்பூர் மாவட்டம்