மியர்பேங்கிலிருந்து ஒரு காற்றுக் கணக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க் பக்கம், உங்கள் லெனேசியாவில் குளிர் தொடங்கியதிலிருந்து வீட்டில் அவர்களுக்கு இருமல் விடவே இல்லை, காலையில் ஜன்னலைத் திறந்தாலே கரிப்புகை வாடை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு வேறு எதையும் எழுதக் கை ஓடவில்லை. கோயில் செய்தி, பேரப்பிள்ளைகள் செய்தி எல்லாம் அடுத்த கடிதத்தில்.

நான்கு மாதமாக எங்கள் வராந்தாத் தூணில் ஒரு சின்னக் கருவி தொங்குகிறது. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளி அதில் பட்டுச் சிதறுவதை வைத்து நுண்துகள் எவ்வளவு என்று கணக்குப் போடும். பி.எம். 2.5 என்கிறார்களே, அதுதான். நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும் தூசி. முதலில் சமையலறைப் பக்கம் மாட்டினேன். தாளிக்கும்போதெல்லாம் எண் எகிறியது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அதற்கும் மேலே. இப்போது சாம்பிராணி போடும்போது கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைக்கிறோம். கருவியையும் தெருப்பக்கம் மாற்றிவிட்டேன்.

பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எண்ணோடு நேரம், காற்று வீசும் திசை, மூக்குக்குத் தெரிந்த வாடை எல்லாம் எழுதுகிறேன். நான்கு மாத நோட்டைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: குளிர்காலத்தில் விடியற்காலைதான் மோசம். டர்பன் கடலோரத்துப் பிளஃப் மேட்டுக்கும் உள்பக்க மேட்டுக்கும் நடுவே நம் ஊர் பள்ளமாகக் கிடப்பது உனக்குத் தெரியும். இரவில் தரை குளிர்ந்ததும் குளிர்காற்று அடியிலேயே தங்கிவிடுகிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதற்கு மூடி. வெயில் ஏறினால்தான் புகை கலையும். பத்து மணிக்கு வெளியே வருகிறவருக்கு வானம் சுத்தம். பிள்ளைகள் பள்ளிக்கு நடப்பதோ ஏழு மணிக்கு.

இதனால்தான் நாள் சராசரி என்ற கணக்கு எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. நம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் பி.எம். 2.5க்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 40 மைக்ரோகிராம். 2030 முதல் 25. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. விடியற்காலை இரண்டு மணி நேரம் எவ்வளவு ஏறினாலும், மதியக் கடற்காற்று சராசரியை இறக்கிவிடும். நாள் "தேறிவிட்டது" என்று பதிவாகும். அந்த இரண்டு மணி நேரம் இழுத்த மூச்சு பிள்ளையின் நெஞ்சிலிருந்து இறங்குமா?

பழசையும் மறக்க முடியவில்லை. 1995இல் மண்டேலா இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் விரிவாக்கத்தைத் திறந்துவைக்க வந்தபோது, வழியில் நின்ற நம் மக்களைப் பார்த்து வண்டியை நிறுத்திப் பேசினாரே! அப்புறம் 2000 வாக்கில் வாளி வந்தது. பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை, அதில் தெருக்காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. நம் ஊர் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் ஆராய்ச்சி செய்து, சோதித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு வகை ஆஸ்துமா என்று சொன்னபோது பெற்றோர் யாரும் ஆச்சரியப்படவில்லை. புத்தகப் பையில் ஆஸ்துமா பம்ப் வைத்து அனுப்பியவர்கள் அவர்கள்தானே. ஆனால் எண்ணாக வந்த பிறகுதான் மேலே இருப்பவர்கள் காதில் விழுந்தது. தெற்கு டர்பனுக்குத் தனித் திட்டம், காற்றை அளக்கும் நிலையங்கள், 2004இல் காற்றுத்தரச் சட்டம் என்று வந்தன. கந்தக டை ஆக்சைடு நன்றாகவே குறைந்தது.

இப்போது இங்கே இருந்த இரண்டு ஆலைகளிலும் எண்ணெய் சுத்திகரிப்பு நின்றுவிட்டது. "இனி எதற்கு அளக்கணும்?" என்று பக்கத்து வீட்டுக்காரரே கேட்கிறார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நிற்கவில்லை என்பதுதான் என் பதில். வரிசையில் டீசல் எஞ்சினை ஓடவிட்டு நிற்கின்றன. நோட்டில் அந்த நேரங்கள் தனியாகத் தெரிகின்றன. கருவிக்கும் குறை உண்டு. ஈரக்காற்றில் துகள் ஊதிப்போய் எண்ணைக் கூட்டிக் காட்டும். கந்தக வாயுவோ பென்சீனோ அதற்குத் தெரியாது. அழுகிய முட்டை வாடை அடிக்கும்போதும் பச்சை விளக்கு எரியும். அதனால்தான் நகராட்சியின் பெரிய நிலையங்கள் ஒருநாளும் ஓயக்கூடாது என்கிறேன். நம் கருவி அவற்றுக்கு மாற்று இல்லை. அவற்றோடு ஒப்பிட்டுத்தான் இதன் எண்ணைத் திருத்த முடியும்.

உன் பக்கம் கதை வேறு. அங்கே அடுப்பில் எரிக்கும் நிலக்கரியும் உண்டு, மின்நிலையப் புகையும் உண்டு. மின்நிலையங்கள் நிறைந்த ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் கெட்ட காற்று அரசியல் சாசனம் தந்த உரிமையை மீறுவது என்று 2022இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொன்னதே, அந்தத் தீர்ப்பைப் பற்றி உங்கள் சங்கத்தில் பேசு. கரி மூட்டும் அக்கம்பக்கத்தாரிடம் "பாசா ன்ஜெங்கோ மகோகோ" முறையைச் சொல். பாட்டி மாதிரி நெருப்பு மூட்டு என்று ஜூலுவில் அர்த்தம். கரியை அடியில் அடுக்கி, காகிதமும் சுள்ளியும் மேலே வைத்து, மேலிருந்து பற்றவைப்பது. அடியிலிருந்து வரும் புகை மேலே உள்ள நெருப்பிலேயே எரிந்துவிடும். கரியை விட வழியில்லாதவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இதையாவது காட்டலாம்.

இன்னொரு கருவி வாங்கி வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் மகன் ஜோகன்னஸ்பர்க் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். சமையலறையிலிருந்து தள்ளி, சின்னப் பிள்ளையின் மூக்கு உயரத்தில் மாட்டு. அதுவரை சும்மா இருக்காதே. வீட்டில் அவர்களுக்கு இருமல் எந்த நேரத்தில் வருகிறது, அப்போது என்ன வாடை என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கு.

உன் அன்பு நண்பன்,
மியர்பேங்க், டர்பன்