‘திட்ட விடுமுறை’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகாதீர்கள்

மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் பாடநூல் எழுதும் பெருமக்களுக்கு,

வணக்கம். இருபத்தாறு ஆண்டுகளாகப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்திவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாண்டுத் திட்டங்கள் பாடம் வரும்போது என் மனம் சோர்ந்துபோகிறது. சென்ற ஆண்டு அந்தச் சோர்வுக்குக் காரணம் என்னவென்று ஒரு மாணவன் எனக்குக் காட்டிக்கொடுத்தான். அதனால்தான் இந்த மடல்.

கரும்பலகையில் வழக்கமான அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தேன். முதல் திட்டம், வளர்ச்சி இலக்கு 2.1 சதவீதம், எட்டியது 3.6 சதவீதம். இப்படியே மூன்றாம் திட்டம் வரை வந்து, அடுத்த கட்டத்தில் ‘1966–69 திட்ட விடுமுறை’ என்று எழுதினேன். ஐந்தாண்டுத் திட்டம் எதுவும் நடக்காத ஆண்டுகளுக்கு நூல் தரும் பெயர் அது. கடைசி வரிசையில் இருந்து ஒருவன் எழுந்து, “ஐயா, விடுமுறை எடுத்தது யார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பாடநூலைப் புரட்டினேன். போர், வறட்சி, பணமதிப்புக் குறைப்பு என்று காரணங்கள் மூன்றும் ஒரே வரியில் இருந்தன. அவன் கேள்விக்கு அந்த வரியில் பதில் இல்லை.

அந்த விடுமுறை ஆண்டுகள் எங்கள் வீட்டில் வேறு பெயரில் இருந்தன. என் அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை போட்டார்களாம். கோதுமையை வைத்து என்ன சமைப்பது என்று பாட்டிக்குத் தெரியாது. உரலில் இட்டு இடித்து, புடைத்து, நொய்போல் உடைத்துக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார். தம்பி அதைத் துப்பியதும், பாட்டி அடித்ததும், பிறகு பாட்டியே அழுததும் அம்மாவுக்கு இன்றும் மறக்கவில்லை.

அந்தக் கோதுமை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. அமெரிக்க உபரித் தானியத்தை ரூபாய் கொடுத்தே வாங்கும் பி.எல். 480 என்ற அந்த ஏற்பாட்டில் நாம் முதலில் கையெழுத்திட்டது 1956 ஆகஸ்டில். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியதும் அதே 1956-இல்தான். உங்கள் நூலில் இந்த இரண்டும் வெவ்வேறு அத்தியாயங்களில் கிடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த மாணவனுக்குப் பதில் சொல்ல முடியும்.

1955-க்குப் போவோம். ஜனவரியில் நம் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. அன்றாடம் ஆவடி ரயில் நிலையத்தைக் கடக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? மார்ச்சில் பி.சி. மஹலநோபிஸ் இரண்டாம் திட்டத்துக்கான வரைவைக் கொடுத்தார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர் அவர். நாட்டின் முதல் மின்னணுக் கணினி அந்த நிறுவனத்துக்குத்தான் வந்து இறங்கியது. அவர் வாதத்தை ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். துணி நெய்யும் எந்திரத்தை ஆண்டுதோறும் வெளிநாட்டில் வாங்கிக்கொண்டிருந்தால் கையில் இருக்கும் கொஞ்சநஞ்ச அன்னியச் செலாவணி அதற்கே போய்விடும். எந்திரத்தைச் செய்யும் எந்திரத்தை ஒருமுறை வாங்கிவிட்டால் பிறகு எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. அதற்கு முதலில் உருக்கு வேண்டும். பிலாய், துர்காபூர், ரூர்கேலா ஆலைகள் எழுந்தது இந்தக் கணக்கில்தான். இருநூறு ஆண்டு அடிமைப்பட்டிருந்து வெளியே வந்த ஒரு நாட்டுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு தெம்பைக் கொடுத்திருக்கும்! அதைச் சொல்லாமல் ‘கனரகத் தொழில்களுக்கு முன்னுரிமை’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் சக்கை.

மறுபக்கத்தில் பொருளியலாளர் பி.ஆர். ஷெனாய் இருந்தார். வரைவை ஆராய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் தலைமையில் பொருளியலாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மற்ற உறுப்பினர்கள் உடன்பட்டார்கள். ஷெனாய் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதிக்கொடுத்தார். பொதுத்துறைச் செலவு 4,800 கோடி ரூபாய், அதில் 1,200 கோடி பற்றாக்குறை நிதியாக்கம், அதாவது கையில் இல்லாத பணம். மக்களின் சேமிப்பு தாங்கக்கூடிய அளவைத் தாண்டித் திட்டம் போட்டால் விலைவாசி ஏறும், அன்னியச் செலாவணி கரையும் என்பது அவர் வாதம். நாடே ஒரு பக்கம் சாய்ந்திருந்த நேரத்தில் தனியாக நின்று இதை எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். எங்கள் பாடநூலில் அவர் பெயரே இல்லை.

திட்டம் தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் கையிருப்பு, அதாவது பிரிட்டிஷ் பவுண்டு இருப்பு, கரைந்தது. 1957-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தையே திருத்தி, தங்கமும் அன்னியக் கடன்பத்திரங்களும் சேர்ந்து 200 கோடி ரூபாய் இருந்தால் போதும் என்று குறைந்தபட்சக் கையிருப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று. இறக்குமதிக்கு உரிமம், தொழில் தொடங்க உரிமம் என்று பிடி இறுகியது. ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி ‘பர்மிட் லைசென்ஸ் ராஜ்’ என்று சாடியது இந்த நிலையைத்தான்.

முதல் திட்டத்தில் விவசாயத்துக்கும் பாசனத்துக்கும் சேர்த்துச் சுமார் 31 சதவீதம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டாம் திட்டத்தில் அது சுமார் 20 சதவீதமாகச் சுருங்கியது. சோற்றுக்கு அமெரிக்கக் கோதுமை இருக்கிறது என்ற நினைப்பு இந்தச் சுருக்கத்துக்குத் தைரியம் கொடுத்தது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் இருக்கலாம், அவர்கள் வாதத்தையும் பிள்ளைகள் படிக்கட்டும். 1962-இல் சீனப் போர், 1965-இல் பாகிஸ்தானோடு போர். அதையொட்டி, கோதுமை தவிர, அமெரிக்கப் பொருளாதார உதவி நின்றது. 1965-இல் மழை பொய்த்தது, அடுத்த ஆண்டும் பொய்த்தது. 1966 ஜூன் 6 அன்று ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆயிற்று. நான்காம் திட்டத்தைத் தொடங்க வழியில்லாமல் ஆண்டுக்கொரு திட்டம் என்று நாளைத் தள்ளினார்கள். தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு தேர்தலையே தீர்மானித்தது. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற அண்ணாவின் முழக்கத்தை அறியாத வீடு இங்கே கிடையாது. அந்த முழக்கத்துக்கும் மஹலநோபிஸின் கணக்குக்கும் உள்ள தொடர்பை எந்தப் பாடநூலும் சொன்னதில்லை.

இனி அந்த மாணவனின் கேள்வி. விடுமுறை எடுத்தது யார்? ஒருவரும் இல்லை. அந்த மூன்று ஆண்டுகளில் நடந்த வேலை அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வயலுக்கு நடக்கவில்லை. மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியம் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்தார். அன்னியச் செலாவணிக்குத் திண்டாடிய காலத்தில் விதைக்கு இவ்வளவு செலவா என்ற எதிர்ப்பைத் தாண்டித்தான் அது வந்தது. விளைச்சல் எகிறியது. 1968-இல் அரசு ‘கோதுமைப் புரட்சி’ என்று தபால் தலையே வெளியிட்டது. ஆனால் 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையம் தொகுதியில் அவர் தோற்றுப்போயிருந்தார். அரிசிக்குத் தவித்த மக்கள் விதையின் பலன் வரும்வரை காத்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, என் பாட்டியும் அவர்களில் ஒருவர்.

நான் திட்டமிடலுக்கு எதிரி என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. இராப்பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் மூழ்காது. உடனே லாபம் பார்க்க விரும்பும் எந்த முதலாளி 1950-களில் அந்த வேலைக்குத் துணிந்திருப்பார்? அரசு துணிந்தது, மின்சாரம் கிடைத்தது. நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனவர்களின் கணக்கு மட்டும் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

திட்டமிடல் நேருவின் மூளையில் திடீரென்று உதித்தது என்ற எண்ணத்தையும் உங்கள் நூல் வளர்க்கிறது. 1938-இல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்து தேசியத் திட்டக் குழுவை அமைத்தார், தலைவர் நேரு. அதில் இருந்த தஞ்சாவூர்க்காரர், காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, கிராமத் தொழில்களுக்கு அங்கே இடமில்லை என்று கண்டு விலகிக்கொண்டார். மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் அவர் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1944-இல் டாடா, பிர்லா உள்ளிட்ட தொழிலதிபர்களே பதினைந்து ஆண்டில் தலா வருமானத்தை இரட்டிப்பாக்க 10,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். பம்பாய்த் திட்டம் என்று பெயர். கையெழுத்திட்ட எட்டுப் பேரில் ஜான் மத்தாயும் ஒருவர். 1950 மார்ச் 15 அன்று அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றின் வழியாகத் திட்டக் கமிஷன் பிறந்தபோது அதே மத்தாய்தான் நிதியமைச்சர். அரசியல் சட்டத்திலும் இல்லாமல் தனிச் சட்டமும் இல்லாமல் வந்த ஓர் அமைப்பு அமைச்சரவைக்கு இணையாக வளரும் என்று எதிர்த்து, அந்த ஆண்டே பதவியை விட்டு வெளியேறினார். திட்டம் வேண்டும் என்றவரே இந்த ஏற்பாடு வேண்டாம் என்று போனதைவிடச் சுவையான பாடம் பதினேழு வயதுப் பிள்ளைக்கு வேறென்ன இருக்க முடியும்? தீர்மானத்தில் பிறந்த கமிஷன் 2015 ஜனவரி 1 அன்று இன்னொரு தீர்மானத்திலேயே நிதி ஆயோக்காக மாறியது. பன்னிரண்டாம் திட்டம் 2017-இல் முடிந்தது, பதின்மூன்றாவது வரவில்லை.

என் வேண்டுகோள் பெரிதில்லை. அட்டவணை இருக்கட்டும், அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள். அந்த இடத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கி, மஹலநோபிஸின் வாதத்தை இடப்பக்கமும் ஷெனாயின் மறுப்பை வலப்பக்கமும் எளிய தமிழில் தாருங்கள். ‘திட்ட விடுமுறை’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு அந்த மூன்று ஆண்டுகளின் கதையை எழுதுங்கள். தேர்வில் ‘இரண்டாம் திட்டத்தின் மாதிரியை உருவாக்கியவர் யார்?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவோடு நிறுத்திவிடாமல், ‘1955-இல் நீ அந்தக் குழுவில் இருந்திருந்தால் எதில் கையெழுத்திட்டிருப்பாய், ஏன்?’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் என் வகுப்பில் இதைக் கேட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர் மஹலநோபிஸ் பக்கம், ஒன்பது பேர் ஷெனாய் பக்கம். விடுமுறை எடுத்தது யார் என்று கேட்ட அந்த மாணவன் எந்தப் பக்கமும் கையெழுத்திடவில்லை. இரண்டு வருடம் மழை பெய்யாவிட்டால் என்ன செய்வது என்று இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்று எழுதியிருந்தான். ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன்.

அன்புடன்,
ஒரு பொருளியல் ஆசிரியன்