'டேக்' என்றால் 'எடு' மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில் 'டேக்' என்ற வினைச்சொல்லுக்கு 'எடு' என்று ஒரே ஒரு பொருள் போட்டு, கீழே பத்து வாக்கியங்கள் தந்திருந்தீர்கள். பள்ளியில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவள் நான். அந்தப் பத்தில் இரண்டுக்குத்தான் 'எடு' பொருந்துகிறது. அதை அப்படியே மனப்பாடம் செய்கிற பிள்ளை ஆங்கிலத்தையும் தப்பாகக் கற்கும், தமிழையும் கெடுத்துக்கொள்ளும் என்ற கவலையில் எழுதுகிறேன்.

'பிரிங்', 'டேக்' இரண்டையும் நான் கொண்டுவா, கொண்டுபோ என்றுதான் சொல்லித்தருவேன். வாவும் போவும் நம் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். பாட்டியை மருத்துவமனைக்கு 'டேக்' செய்வது என்றால் கூட்டிக்கொண்டு போவது. பாட்டியை யாரும் எடுப்பதில்லை.

சிக்கல் 'டேக் எ பாத்', 'டேக் எ டிசிஷன்' போன்ற இடங்களில்தான். அங்கே 'டேக்' வெறும் ஒட்டுச்சொல்; பொருள் முழுக்கப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் 'ஹேவ் எ பாத்' என்பார்கள், அமெரிக்காவில் 'டேக் எ பாத்'. முடிவுக்கு அமெரிக்கர்கள் 'மேக்' போடுவார்கள், பிரிட்டனில் 'டேக்' என்றும் சொல்வார்கள். வினையை மாற்றினாலும் குளியல் குளியல்தான், முடிவு முடிவுதான். இப்படி ஒட்டுக்கு வரும் சொல்லைப் பிடித்து 'எடு' என்று தமிழில் வைக்கும்போது நம்முடைய நல்ல வினைகள் காணாமல் போகின்றன. முயன்றார் போய் 'முயற்சி எடுத்தார்' வருகிறது. நேரம் பிடிக்கும் என்பது 'நேரம் எடுக்கும்' ஆகிவிட்டது. பொறுப்பேற்றவர் 'பொறுப்பை எடுத்துக்கொள்கிறார்'. உங்கள் செய்திப் பக்கங்களிலும் இவை தினமும் வருகின்றன. ஓய்வெடுப்பதும் நடவடிக்கை எடுப்பதும் ஊன்றிப்போய்விட்டன, சரி, அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

என் அம்மாவுக்கு 84 வயது. இரத்த அழுத்த மாத்திரையைக் கையில் கொடுத்த செவிலியர், "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்கோங்க பாட்டி" என்றார். இரவு நானும், "எடுத்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டேன். "எடுத்துக்கிட்டேன்" என்றார். இரண்டு நாள் கழித்துச் சேலையை நனைக்கப் போனபோது முந்தானை முடிச்சில் இரண்டு மாத்திரைகள் இருந்தன. "எடுத்துக்கத்தானே சொன்னீங்க" என்று அம்மா கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாத்திரை 'போட்டுக்கோங்க' என்று சொல்லியிருந்தால் அன்றே போட்டிருப்பார். ஆங்கிலம் கற்றுக்கொடுத்த நானே அப்படிக் கேட்டேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

நம் 'எடு'வின் அடிப்படை, தூக்குவதும் உயர்த்துவதும். பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்கிறான். எழுப்பிய கற்கோயில் என்று பொருள். பால்குடம் எடுக்கிறோம், பசி எடுக்கிறது, தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். இதில் எதற்கும் ஆங்கிலத்தில் 'டேக்' வராது. 'வி டுக் டிரெஸ் ஃபார் தீபாவளி' என்று வருடா வருடம் கட்டுரை நோட்டில் திருத்தியிருக்கிறேன். வாங்கினோம் என்பதற்கு 'பாட்' என்றுதான் எழுத வேண்டும்.

இன்னொரு சேதியும் சொல்ல ஆசை. 'டேக்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'நிமன்' இருந்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவு 'நேமென்' இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் 'டாகா'தான் 'டேக்' ஆகி, 'நிமன்' வழக்கொழியும் அளவுக்குப் பரவியது. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். உங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பெட்டிச் செய்தி போடலாமே.

அடுத்த இதழில் 'கிவ்' என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து 'கொடு' என்று மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். 'கிவ் அப்', 'கிவ் இன்' இரண்டுக்குமே கால் பக்கம் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தஞ்சாவூர்